மூன்று கலெக்ஷன், ஒரே இட்டரேட்டர்: ஒட்டுவதா, கோப்பதா, கலப்பதா?

கேள்வி இதுதான். ஒரு கடைக்கான மென்பொருளில் ‘ஆர்டர் புத்தகம்’ என்று ஒரு கிளாஸ் இருக்கிறது. அதற்குள் கவுன்ட்டர் ஆர்டர்கள் ஒரு அரே லிஸ்டிலும், போன் ஆர்டர்கள் ஒரு லிங்க்டு லிஸ்டிலும், ஆன்லைன் ஆர்டர்கள் ஒரு ஹேஷ் செட்டிலும் இருக்கின்றன. உள்ளே இப்படி மூன்று கலெக்ஷன்கள் (பொருள்களைச் சேர்த்துவைக்கும் இடங்கள்) இருப்பது வெளியாருக்குத் தெரியக்கூடாது. ஒரே ஃபார் லூப் போட்டால் எல்லா ஆர்டர்களும் வரவேண்டும். ஒரு கலெக்ஷனில் உள்ளதை ஒவ்வொன்றாக எடுத்துத் தருவது இட்டரேட்டர்; மூன்று கலெக்ஷன்களின் மூன்று இட்டரேட்டர்களை எப்படி ஒன்றாக்குவது? மொழி ஜாவா.

அவசரமாக வேலை முடியவேண்டும் என்றால் இதைச் செய்யுங்கள்: புதிதாக ஒரு அரே லிஸ்ட் உருவாக்கி, மூன்றையும் அதில் கொட்டி, அதன் இட்டரேட்டரைக் கொடுத்துவிடுங்கள். சில நூறு ஆர்டர்களுக்கு இது போதும், யாரும் குறை சொல்லப்போவதில்லை. உங்கள் கையில் இருப்பது நகல் என்பதால், லூப்புக்கு நடுவே ஏதாவது ஒரு மெத்தட் புது ஆர்டரைச் சேர்த்தாலும் லூப் பாதிக்கப்படாது. நகலெடுப்பது கேவலம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நகலை நாமே எடுக்கவேண்டாம் என்றால் ஜாவா 8 முதல் ஸ்ட்ரீம் (பொருள்கள் ஒவ்வொன்றாக வரும் ஓட்டம்) இருக்கிறது. மூன்று கலெக்ஷன்களையும் ஒரு ஸ்ட்ரீமாகக் கொடுத்து, ஃபிளாட்மேப்பில் ஒவ்வொன்றையும் விரித்து, கடைசியில் இட்டரேட்டர் மெத்தடை அழைத்தால் ஒரே வரியில் முடிந்துவிடும். ப்ராஜெக்டில் ஏற்கெனவே குவாவா லைப்ரரி இருந்தால் இட்டரபிள்ஸ் கிளாஸில் கான்கேட் இருக்கிறது; அப்பாச்சி காமன்ஸ் கலெக்ஷன்ஸ் இருந்தால் இட்டரேட்டர் செயின் இருக்கிறது.

இவை எதுவும் இல்லாமல் நாமே எழுதவேண்டும், அல்லது எழுதியது ஏன் சொதப்புகிறது என்று புரியவேண்டும் என்றால் மேலே படியுங்கள். பார்க்கச் சின்ன விஷயம். ஆனால் இட்டரேட்டர் என்பது ஹேஸ்நெக்ஸ்ட் (இன்னும் இருக்கிறதா?), நெக்ஸ்ட் (அடுத்ததைக் கொடு), ரிமூவ் (தந்ததை நீக்கு) என்ற மூன்று முக்கிய மெத்தட்கள் மட்டுமல்ல, அந்த மூன்றும் ஒன்றோடொன்று எப்படி நடந்துகொள்ளும் என்ற ஒப்பந்தமும்கூட. மூன்று இட்டரேட்டர்களை இணைப்பது சுலபம். இணைத்த பிறகும் அந்த ஒப்பந்தம் உடையாமல் இருக்கிறதா என்பதில்தான் எல்லாச் சிக்கலும்.

எந்த ‘ஒன்று’?

‘ஒன்றாக்கு’ என்று சொல்லும்போது மூன்று வேறு வேறு வேலைகளில் ஒன்றைத்தான் மனதில் வைத்திருப்போம்.

ஒட்டுவது: முதல் லிஸ்ட் முழுக்க, பிறகு இரண்டாவது, பிறகு மூன்றாவது. கோப்பது: ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்று எடுத்து ஜோடியாகத் தருவது, ஆர்டரையும் அதற்கான பில்லையும் சேர்த்துத் தருவதுபோல. கலப்பது: ஏற்கெனவே வரிசையில் இருக்கும் லிஸ்டுகளை, அந்த வரிசை குலையாமல் ஒரே ஓட்டமாக்குவது. கவுன்ட்டர், போன், ஆன்லைன் எதுவானாலும் வந்த நேரப்படி ஒவ்வொன்றாக வேண்டும் என்றால் அது கலப்பது.

உங்கள் கேள்வியில் இருப்பது ஒட்டுவது. ஆனால் ஆர்டர் புத்தகம் என்றாலே ஒரு மாதத்தில் யாராவது வந்து “நேரவாரியாகத் தரமுடியுமா?” என்று கேட்பார்கள் என்பதால் கலப்பதையும் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

ஒட்டுவது: ‘இஃப்’ போதாது, ‘வொயில்’ வேண்டும்

நம்முடைய கூட்டு இட்டரேட்டரிடம் இரண்டு விஷயங்கள் இருக்கவேண்டும். இனி வரவேண்டிய கலெக்ஷன்களின் வரிசை ஒன்று. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் உள் இட்டரேட்டர் இன்னொன்று. அதை ‘நடப்பு’ என்று வைத்துக்கொள்வோம், தொடக்கத்தில் அது ஒரு வெற்று இட்டரேட்டர். ஹேஸ்நெக்ஸ்ட் மெத்தட் இப்படி வரும்:

    நடப்பில் எதுவும் இல்லை, ஆனால் வரிசையில் இன்னொன்று இருக்கிறது என்னும்வரை:
        நடப்பு = வரிசையில் அடுத்த கலெக்ஷனின் இட்டரேட்டர்
    நடப்பில் ஏதாவது இருக்கிறதா என்பதைத் திருப்பு

முதல் வரியில் லூப்புக்குப் பதில் வெறும் இஃப் போட்டுவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும். கவுன்ட்டரில் இரண்டு ஆர்டர், போனில் ஒன்றுமே இல்லை, ஆன்லைனில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கவுன்ட்டர் ஆர்டர்களும் போன பிறகு ஹேஸ்நெக்ஸ்டை அழைத்தால், இஃப் ஒரே ஒரு முறை நகர்ந்து போன் லிஸ்டுக்குப் போகும். அது காலி. உடனே ‘இல்லை’ என்று பதில் வரும், ஃபார் லூப் அத்தோடு நின்றுவிடும், ஆன்லைன் ஆர்டர் காணாமல் போகும். நடுவில் ஒரு பெட்டி காலியாக இருப்பதால் ரயில் அங்கேயே முடிந்துவிடாதே. மோசம் என்னவென்றால் எக்ஸெப்ஷன் (ஓடும்போது எறியப்படும் பிழை) எதுவும் வராது. மூன்று லிஸ்டிலும் ஏதாவது இருக்கும் நாட்களில் எல்லாம் சரியாகவே ஓடும்; போன் ஆர்டர் வராத நாளில் மட்டும் கணக்கு உதைக்கும்.

நெக்ஸ்ட் மெத்தட் முதலில் ஹேஸ்நெக்ஸ்டை அழைக்கவேண்டும். ‘இல்லை’ என்று வந்தால் நோ சச் எலிமென்ட் எக்ஸெப்ஷனை எறியவேண்டும், நல் (null) என்ற வெற்று மதிப்பை ரிட்டர்ன் செய்யக்கூடாது. ஹேஸ்நெக்ஸ்டை அழைக்காமல் நேராக நெக்ஸ்டை மட்டும் அழைக்கிறவர்களும் உண்டு; ஒப்பந்தப்படி அதற்கு அவர்களுக்கு முழு உரிமை இருக்கிறது. அதேபோல ஹேஸ்நெக்ஸ்டைத் தொடர்ந்து பத்து முறை அழைத்தாலும் ஒரு ஆர்டர்கூடத் தொலையக்கூடாது. மேலே உள்ள வடிவம் இந்த இரண்டையும் தாங்கும், ஏனென்றால் ஹேஸ்நெக்ஸ்ட் காலியான இட்டரேட்டரைத் தாண்டுகிறதே தவிர, எந்த ஆர்டரையும் வெளியே எடுப்பதில்லை.

டைப் விஷயத்தில் ஒரு வரி: நம் கன்ஸ்ட்ரக்டர் ‘ஆர்டர்’ லிஸ்டுகளை மட்டும் ஏற்பதாக எழுதினால், ‘ஆன்லைன் ஆர்டர்’ லிஸ்டைக் கொடுக்கும்போது கம்பைலர் மறுத்துவிடும். ஜாவாவில் ஆன்லைன் ஆர்டர் ஒரு ஆர்டர்தான், ஆனால் ஆன்லைன் ஆர்டர்களின் லிஸ்ட் ஆர்டர்களின் லிஸ்ட் ஆகாது. கேள்விக்குறியும் எக்ஸ்டெண்ட்ஸும் போட்ட வைல்டுகார்டு வடிவில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இட்டரேட்டரை வாங்காதீர்கள், கலெக்ஷனை வாங்குங்கள்

கேள்வியில் ‘மூன்று இட்டரேட்டர்களை’ என்று இருந்தாலும், நான் வரிசையில் வைத்தது கலெக்ஷன்களை. இது வேண்டுமென்றே செய்தது.

அரே லிஸ்டிடம் இட்டரேட்டர் கேட்டவுடன், அந்த நொடியில் லிஸ்ட் எத்தனை முறை மாற்றப்பட்டிருக்கிறது என்ற எண்ணை அந்த இட்டரேட்டர் குறித்துவைத்துக்கொள்கிறது. பிறகு ஒவ்வொரு நெக்ஸ்டிலும் அந்த எண் அப்படியே இருக்கிறதா என்று பார்க்கும். மாறியிருந்தால் கன்கரன்ட் மாடிஃபிகேஷன் எக்ஸெப்ஷன் வரும். ஹேஷ் செட்டிலும் இதே கதைதான். மூன்று இட்டரேட்டர்களையும் தொடக்கத்திலேயே வாங்கி வைத்துவிட்டீர்கள் என்றால், கவுன்ட்டர் ஆர்டர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது லூப்புக்குள் இருக்கும் ஏதோ ஒரு மெத்தட் ஆன்லைன் செட்டில் ஒன்றைச் சேர்த்தால்கூட, பிற்பாடு ஆன்லைன் பகுதிக்கு வரும்போது வெடிக்கும். வெடிக்கும் இடம் ஒன்று, காரணம் இருக்கும் இடம் வேறொன்று. ஸ்டாக் டிரேஸைப் பார்த்து மண்டையைப் பிய்த்துக்கொள்ளவேண்டியதுதான்.

கலெக்ஷனை வைத்துக்கொண்டு, அதன் முறை வரும்போது மட்டும் இட்டரேட்டரைக் கேட்டால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். நடப்பில் இருக்கும் லிஸ்டையே மாற்றினால் அப்போதும் எக்ஸெப்ஷன் வரும், அது நியாயம்தான். இன்னொரு லாபமும் இருக்கிறது. இட்டரேட்டர் ஒரு முறை ஓடினால் தீர்ந்தது. கலெக்ஷன்களை வைத்திருக்கும் கிளாஸ், கேட்கும்போதெல்லாம் புது இட்டரேட்டரைத் தரும் இட்டரபிள் இன்டர்ஃபேஸை நிறைவேற்றினால் எத்தனை ஃபார் லூப் வேண்டுமானாலும் போடலாம். இட்டரேட்டர் 1998-இல் ஜாவா 1.2-வில் கலெக்ஷன்களோடு வந்தது. இட்டரபிளும் அதை நம்பி ஓடும் ஃபார் லூப்பும் 2004-இல் ஜாவா 5-இல்தான் வந்தன. பழைய பாடக்குறிப்புகளில் இட்டரேட்டரையே கையில் பிடித்துக்கொண்டு அலைவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

ரிமூவ்: அதிகம் உடையும் இடம்

ரிமூவ் என்ன சொல்கிறது? கடைசியாக நெக்ஸ்ட் தந்த பொருளை அதன் கலெக்ஷனிலிருந்து நீக்கு. நெக்ஸ்டை அழைக்காமலே ரிமூவை அழைத்தாலோ, ஒரே நெக்ஸ்டுக்கு இரண்டு முறை அழைத்தாலோ இல்லீகல் ஸ்டேட் எக்ஸெப்ஷன்.

பெரும்பாலானோர் எழுதுவது ‘நடப்பின் ரிமூவை அழை’ என்ற ஒற்றை வரி. வழக்கமான லூப்பில் இது சரியாகவே ஓடும், ஏனென்றால் நெக்ஸ்ட், உடனே ரிமூவ், அப்புறம்தான் ஹேஸ்நெக்ஸ்ட். இப்போது யாரோ ஒருவர் ஆர்டர்களைக் காற்புள்ளி போட்டு அச்சடிக்கிறார். கடைசி ஆர்டருக்குப் பின் காற்புள்ளி வரக்கூடாது என்பதற்காக நெக்ஸ்டுக்குப் பிறகு ‘இன்னும் இருக்கிறதா?’ என்று ஹேஸ்நெக்ஸ்டைக் கேட்டுவிட்டு, அதன் பிறகு ரிமூவை அழைக்கிறார். ஒப்பந்தப்படி இதில் தவறே இல்லை. ஆனால் போன் லிஸ்ட் காலியாக இருக்கும் அதே நாளில், கவுன்ட்டரின் கடைசி ஆர்டரில் நிற்கும்போது ஹேஸ்நெக்ஸ்ட் நடப்பை ஆன்லைன் செட்டுக்கு நகர்த்திவிட்டது. ரிமூவ் இப்போது ஆன்லைன் இட்டரேட்டரிடம் போகிறது. அதில் நெக்ஸ்ட் இன்னும் அழைக்கப்படவே இல்லை. இல்லீகல் ஸ்டேட்.

தீர்வு சின்னதுதான்: ‘கடைசியாகத் தந்தது’ என்று மூன்றாவதாக ஒரு ஃபீல்டு. நெக்ஸ்ட் ஒரு பொருளைத் தரும்போதெல்லாம் அதைத் தந்த இட்டரேட்டரை இதில் வைக்கவேண்டும். ரிமூவ் இதைத்தான் அழைக்கவேண்டும், நடப்பை அல்ல. அழைத்த பிறகு இதை நல் ஆக்கிவிடவேண்டும். குவாவாவின் கான்கேட்டும் இப்படித்தான் தனியாக ஒன்றை வைத்துக்கொள்கிறது.

நடைமுறையில் நான் சொல்வேன்: கூட்டு இட்டரேட்டரில் ரிமூவே வேண்டாம். ஜாவா 8-இலிருந்து ரிமூவ் ஒரு டிஃபால்ட் மெத்தட். நீங்கள் எழுதாமல் விட்டால் அதுவே அன்சப்போர்ட்டட் ஆபரேஷன் எக்ஸெப்ஷனை எறிந்துவிடும். உள்ளே மூன்று கலெக்ஷன் இருப்பதை மறைக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, வெளியாரை அதிலிருந்து நேராக நீக்கவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. நீக்கவேண்டும் என்றால் ஆர்டர் புத்தகத்தில் அதற்கென்று ஒரு மெத்தட் இருக்கட்டும்.

கோப்பது

இதை விரைவாக முடித்துவிடலாம், ஏனென்றால் முடிவு செய்யவேண்டியது ஒன்றுதான்: ஒன்று தீர்ந்து மற்றொன்றில் பாக்கி இருந்தால் என்ன செய்வது? பைத்தானின் ஜிப் குட்டையானது தீர்ந்ததும் நின்றுவிடும். இதில் ஒரு நுணுக்கம் பலருக்குத் தெரிவதில்லை. முதல் இட்டரேட்டரில் 1, 2, 3, 4. இரண்டாவதில் இரண்டே பொருள்கள். ஜிப் முடிந்த பிறகு முதலாவதில் என்ன மிஞ்சும்? 3, 4 என்று தோன்றும். ஆனால் 4 மட்டும்தான். மூன்றாவது சுற்றில் ஜிப் முதலில் 3-ஐ எடுத்துவிட்டது, பிறகுதான் இரண்டாவது காலி என்று கண்டது. எடுத்ததைத் திரும்ப வைக்க வழியில்லை. ஆர்டருக்கும் பில்லுக்கும் எண்ணிக்கை ஒத்துப்போகவேண்டும் என்றால், 2021-இல் பைத்தான் 3.10-இல் வந்த ஸ்ட்ரிக்ட் என்ற விருப்பத்தைப் போடுங்கள், நீளம் ஒத்துவராவிட்டால் பிழை சொல்லும். ஜாவாவில் நீங்களே எழுதுகிறீர்கள் என்றால் நெக்ஸ்டை அழைக்கும் முன் இரண்டு ஹேஸ்நெக்ஸ்டையும் கேட்டுவிடுங்கள்.

கலப்பது: எட்டிப் பார்த்தாகவேண்டும்

நேரவாரியாக வேண்டும் என்றால் முதல் நிபந்தனை: ஒவ்வொரு உள் கலெக்ஷனும் ஏற்கெனவே நேரவாரியாக இருக்கவேண்டும். கலப்பது வரிசைப்படுத்துவது அல்ல. ஹேஷ் செட் எந்த வரிசையும் தராது, ஆகவே ஆன்லைன் ஆர்டர்களை, பொருள்களை எப்போதும் வரிசையாக வைத்திருக்கும் ட்ரீ செட்டுக்கு மாற்றவேண்டியிருக்கும். அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. ஒப்பிடும் கம்பாரேட்டர் நேரத்தை மட்டும் பார்த்தால், ஒரே நேரத்தில் வந்த இரண்டு ஆர்டர்களை ட்ரீ செட் ஒன்றேதான் என்று நினைத்து இரண்டாவதை ஏற்காது. நேரம் சமமானால் ஆர்டர் எண்ணைப் பார் என்று சேர்த்துவிடுங்கள்.

கலக்கும் முறை தெரிந்ததுதான்: மூன்றின் தலையில் இருப்பதையும் ஒப்பிட்டு, முந்தையதைத் தந்து, அது வந்த இடத்திலிருந்து அடுத்ததை எடுத்துவைப்பது. பத்து நூறு இட்டரேட்டர்கள் என்றால் தலைகளைப் பிரையாரிட்டி க்யூவில் (சிறியதை எப்போதும் முதலில் தருவது, பெரும்பாலும் ஹீப் என்ற அமைப்பால் ஆனது) வைப்பார்கள். மொத்தம் n பொருள்கள், k இட்டரேட்டர்கள் என்றால் வேலை ஏறத்தாழ n பெருக்கல் லாக் k. பைத்தானில் ஹீப்க்யூ மாட்யூலின் மெர்ஜ், குவாவாவில் மெர்ஜ் சார்ட்டட் இரண்டும் ஹீப் வழியில்தான் ஓடுகின்றன.

மூன்றுக்கு அது வேண்டுமா? வேண்டாம். இதற்கு நல்ல சாட்சி, கூகுளில் ஜெஃப் டீனும் சஞ்சய் கெமாவத்தும் எழுதிய லெவல்டிபி. அந்தத் தரவுக்கிடங்கில் நினைவகத்திலும் வட்டிலும் பல அடுக்குகளாகக் கிடக்கும் தகவலை ஒரே வரிசையாகக் காட்டுவது இப்படி ஒரு கலக்கும் இட்டரேட்டர்தான். அதில் ஹீப் இல்லை. எல்லாக் குழந்தை இட்டரேட்டர்களையும் வரிசையாகப் பார்த்துச் சிறியதை எடுக்கிறது. குழந்தைகள் மிகச் சிலவே இருக்கும் என்று எதிர்பார்ப்பதால் இப்போதைக்குச் சாதாரண அரே போதும் என்று கோடிலேயே குறிப்பு எழுதியிருக்கிறார்கள். அதிலிருந்து கிளைத்த ராக்ஸ்டிபி பின்னர் ஹீப்புக்குப் போனது.

கலப்பதில் ரிமூவ் இன்னும் ஆபத்தானது. ஒட்டும்போது தப்பினால் எக்ஸெப்ஷன் வந்து காட்டிக்கொடுக்கும். இங்கே அப்படி இல்லை. தலையில் இருப்பதைப் பார்க்கவேண்டும் என்றால் உள் இட்டரேட்டரில் நெக்ஸ்டை முன்கூட்டியே அழைத்தாகவேண்டும். நீங்கள் 10:05 ஆர்டரை வெளியே தந்துவிட்டு, அதே இட்டரேட்டரிலிருந்து அடுத்த 10:20 ஆர்டரைத் தலையாக எடுத்துவைத்துவிட்டீர்கள். இப்போது ரிமூவ் வந்து அந்த உள் இட்டரேட்டருக்குப் போனால், அது கடைசியாகத் தந்த 10:20 ஆர்டரைச் சத்தமில்லாமல் நீக்கிவிடும். 10:05 அப்படியே இருக்கும். குவாவாவின் மெர்ஜ் சார்ட்டட் ரிமூவை அனுமதிக்காத இட்டரேட்டரையே தருகிறது. அதன் எட்டிப்பார்க்கும் இட்டரேட்டரும் எட்டிப் பார்த்த பிறகு ரிமூவ் செய்தால் மறுத்துவிடும்.

அடுக்கிக்கொண்டே போகாதீர்கள்

இரண்டை ஒட்டும் ஒரு கிளாஸ் எழுதிவிட்டு, லூப்பில் அதை மேலும் மேலும் அடுக்குவது சிலருக்குப் பழக்கம்: முதலிரண்டை ஒட்டு, அந்த விடையோடு மூன்றாவது, அதோடு நான்காவது. மூன்றுக்கு ஒன்றும் ஆகாது. ஆயிரத்துக்குப் போனால், முதல் கலெக்ஷனின் ஒவ்வொரு பொருளும் ஏறத்தாழ ஆயிரம் அடுக்குகளைத் தாண்டி வெளியே வரவேண்டும். வேகம் படுத்துவிடும், ஆழம் கூடினால் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ வரும். ஜாவாவின் ஸ்ட்ரீம் கான்கேட் மெத்தடின் ஆவணத்திலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. நாம் மேலே எழுதியதுபோல் ஒரே கிளாஸ், அதற்குள் கலெக்ஷன்களின் ஒரு வரிசை என்று வைத்தால் எத்தனை இருந்தாலும் ஒரே அடுக்குதான்.

ஃபிளாட்மேப்பில் இந்த ஆழப் பிரச்சினை இல்லை. ஆனால் ஜாவா 8-இல் வேறொன்று இருந்தது: முதல் பொருள் மட்டும் போதும் என்று ஃபைண்ட் ஃபர்ஸ்ட் கேட்டாலும் உள் ஸ்ட்ரீமை முழுவதும் ஓட்டிவிடும். உள் ஸ்ட்ரீம் முடிவில்லாதது என்றால் புரோகிராம் அப்படியே தொங்கும். ஜாவா 10-இல் சரிசெய்தார்கள். கம்பெனிகளில் ஜாவா 8 இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால் சொல்லிவைக்கிறேன்.

ஃபைல்கள் என்றால்

உள்ளே இருப்பது லிஸ்ட் அல்ல, ஒவ்வொரு நாளின் ஆர்டர் ஃபைல் என்றால் திறந்ததை மூடவும் வேண்டும். ஜாவாவின் இட்டரேட்டரில் குளோஸ் என்று ஒன்று கிடையாது, யாராவது பிரேக் போட்டு லூப்பிலிருந்து வெளியேறினால் நமக்குத் தெரியவே தெரியாது. சி ஷார்ப்பில் ஃபார் ஈச் லூப்பே எந்த வழியில் வெளியேறினாலும், மூடும் மெத்தடான டிஸ்போஸை அழைத்துவிடும். ஜாவாவில் இதற்கு ஸ்ட்ரீம்தான் நல்லது: ஃபிளாட்மேப் ஒவ்வொரு உள் ஸ்ட்ரீமையும் அதன் வேலை முடிந்ததும் தானே மூடுகிறது, வெளி ஸ்ட்ரீமை நாம், வேலை முடிந்ததும் தானே மூடிவிடும் டிரை வித் ரிசோர்ஸில் வைத்துவிடலாம். ஜாவாவின் முதல் பதிப்பிலிருந்தே இருக்கும் சீக்வென்ஸ் இன்புட் ஸ்ட்ரீம் இதே வேலையை பைட்டுகளுக்குச் செய்தது. ஒன்று தீர்ந்ததும் அதை மூடிவிட்டு அடுத்ததற்குப் போகும்.

இவ்வளவு ஃபீல்டுகளைக் கையால் நிர்வகிக்கவேண்டியிருப்பது ஜாவாவில் ஜெனரேட்டர் (ஒரு மதிப்பைத் தந்துவிட்டு நின்று, அடுத்த முறை விட்ட இடத்திலிருந்தே தொடரும் ஃபங்ஷன்) இல்லாததால்தான். 1970-களில் எம்ஐடியில் பார்பரா லிஸ்கோவின் குழு உருவாக்கிய சிஎல்யு மொழியில் இட்டரேட்டரை யீல்டு என்ற ஒரு சொல்லால் எழுத முடிந்தது. பைத்தானில் 2001-இல் ஜெனரேட்டர் வந்தது, 2012-இல் யீல்டு ஃப்ரம் வந்து ஒட்டுவதையே இரண்டு வரி ஆக்கிவிட்டது. பிஹெச்பி 7-லும் யீல்டு ஃப்ரம் உண்டு, ஆனால் அங்கே ஒரு வினோதம்: உள் அரேக்களின் கீகள் அப்படியே வருவதால், விடையை இட்டரேட்டர் டு அரே ஃபங்ஷனுக்குக் கொடுத்தால் இரண்டாவது அரேயின் 0, 1 போன்ற கீகள் முதலாவதன் பொருள்களை அழித்து எழுதிவிடும். கீகளை விட்டுவிடு என்று இரண்டாவது ஆர்கியுமென்ட்டாக ஃபால்ஸ் கொடுக்கவேண்டும்.

எழுதி முடித்ததும் டெஸ்டுகள். மூன்றும் காலி, முதலாவது மட்டும் காலி, நடுவிலிருப்பது மட்டும் காலி, கடைசி மட்டும் காலி. ஹேஸ்நெக்ஸ்டை ஒவ்வொரு அடியிலும் இரண்டு முறை அழைத்து ஒரு டெஸ்ட், ஒருமுறைகூட அழைக்காமல் ஒன்று. எல்லாம் தீர்ந்த பிறகு நெக்ஸ்டை இரண்டு முறை அழைத்து, இரண்டு முறையும் நோ சச் எலிமென்ட் வருகிறதா என்று ஒன்று. லிஸ்டுக்குள் நல் இருக்கும் டெஸ்டையும் விடாதீர்கள், ‘தீர்ந்துவிட்டது’ என்பதற்கு நல்லை அடையாளமாக வைத்து எழுதிய கோடு அதில்தான் மாட்டும். ரிமூவை வைத்துக்கொண்டே ஆகவேண்டும் என்று முடிவு செய்தால், ஒவ்வொரு லிஸ்டின் கடைசிப் பொருளிலும் நெக்ஸ்ட், ஹேஸ்நெக்ஸ்ட், ரிமூவ் என்ற வரிசையில் அழைத்துப் பார்த்துவிடுங்கள்.